நிரை பிறழ்ந்த வாக்கியங்கள்

வாக்கியப் பிழை என்றவுடன் ஒற்றுப் பிழையையும் எழுத்துப் பிழையையுமே பலர் நினைக்கின்றனர். வல்லினம் மிகுந்ததா, மிகவில்லையா என்று பார்த்துச் சிவப்பு மையால் சுழித்துவிட்டால் திருத்தும் பணி முடிந்தது என்று கருதும் ஆசிரியரும் உளர். ஒற்றெல்லாம் ஒழுங்காக நின்றும் வாக்கியம் நொண்டுவது உண்டு. பின்வரும் தொடரைக் காண்க. பள்ளி அறிவிப்புகளில் இத்தகையவை அடிக்கடி கண்ணில் படும்.

“மாணவர்கள் நேரத்தோடு வருவதும், சீருடை அணிந்தும், புத்தகங்களைக் கொண்டுவர வேண்டும்.”

எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழை இல்லை. பொருளும் ஒருவாறு விளங்குகிறது. ஆயினும் படிப்பவர் நாக்கு இரண்டு இடத்தில் இடறுகிறது. மூன்று கடமைகள் ஒரு வரிசையில் சொல்லப்படுகின்றன. முதலாவது தொழிற்பெயராக நிற்கிறது. இரண்டாவது இறந்தகால வினையெச்சமாக நிற்கிறது. மூன்றாவது ‘கொண்டுவர’ என்னும் வேறோர் எச்சமாக நிற்கிறது. ‘வேண்டும்’ என்னும் முடிபு மூன்றையும் தாங்க வேண்டியது. அது தாங்குவதோ இறுதியில் நிற்கும் ஒன்றை மட்டுமே. ‘அணிந்தும் வேண்டும்’ என்பது எந்த ஊர்த் தமிழிலும் இல்லை. “நேரத்தோடு வரவும், சீருடை அணியவும், புத்தகங்களைக் கொண்டுவரவும் வேண்டும்” என்று எழுதிவிட்டால் மூன்று உறுப்புகளும் ஒரே ஈறு பெற்று, ஒரே முடிபைக் கொள்கின்றன. இவ்வாறு ஒத்த உறுப்புகள் ஒத்த வடிவில் நிற்பதை ‘நிரை’ என்று வழங்கலாம். அது பிறழும்போது வாக்கியம் பிறழ்கிறது.

இந்த ஒழுங்கை ஆங்கிலக் கட்டுரைப் பாடத்திலிருந்து இறக்குமதியான சரக்கு என்று கருதுவோர் உண்டு. ஒத்த உறுப்புகளை ஒத்த அளவில் அமைப்பதைப் பற்றி அரிஸ்டாட்டில் தம் சொற்கலை நூலின் மூன்றாம் பகுதியில் பேசியிருப்பது மெய்யே. ஆனால் தமிழாசிரியர் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைத் திறந்தால் கிளவியாக்கத்திலும் இடையியலிலும் இச்செய்தி விரிவாகவே கிடக்கிறது. வரிசைப்படுத்திச் சொல்வதைத் தொல்காப்பியர் ‘எண்’ என்றார். ‘உம்’ என்னும் இடைச்சொல்லுக்கு அவர் காட்டும் எட்டுப் பொருள்களுள் எண்ணும் ஒன்று. எண்ணுதல் என்பது கணக்குப் பாடத்துக்கு மட்டும் உரியதன்று, வாக்கியத்துக்கும் உரியது என்பது அவர் கொள்கை.

அவற்றுள் கிளவியாக்க விதி ஒன்று தனியே நின்று பார்க்கத்தக்கது. பலவகை உணவுகளை ஒருங்கே குறிக்கும் பொதுச்சொல் ஒன்று வருமானால், அவ்வகைகளுள் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையைக் கொண்டு அதை முடிக்கலாகாது என்பது விதி. உண்பது வேறு, பருகுவது வேறு, தின்பது வேறு, நக்குவது வேறு. ஆகவே எல்லாவற்றுக்கும் பொதுவான வினையையே கொடுக்க வேண்டும். அடுத்த நூற்பா இன்னும் ஒரு படி செல்கிறது. பொதுச்சொல்லால் கூறாமல் தனித்தனியே எண்ணிக் கூறினாலும் மரபு அதுவே என்கிறது. சோற்றையும் நீரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, ‘பருகினார்’ என்று முடித்தால் சோறு அந்தரத்தில் நிற்கும். பவணந்தியாரும் நன்னூலில் இவ்விரண்டையும் ஒரே நூற்பாவில் அடக்கிக்கொண்டார். உறுப்புகளின் வடிவம் ஒத்திருந்தால் மட்டும் போதாது. முடிக்கும் சொல் ஒவ்வோர் உறுப்போடும் தனித்தனியே கூடிப் பொருள் தர வேண்டும் என்பதே இதன் கருத்து. மேற்கண்ட பள்ளி அறிவிப்பைச் சோதித்த முறையும் இதுதான்.

ஜொகூர்த் தோட்டங்களில் வழங்கும் ஒரு சொல்லை ஈண்டு நினைக்காமல் இருக்க முடியாது. காலை உணவு கொள்வதை இங்குள்ளோர் ‘பசியாறுதல்’ என்பர். ‘பசியாறியாச்சா?’ என்பது பால்மரம் வெட்டிய காலந்தொட்டு வழங்கும் நலம் விசாரிப்பு. ரொட்டிக்கும் அது பொருந்தும், தேத்தண்ணிக்கும் பொருந்தும், வேகவைத்த மரவள்ளிக்கும் பொருந்தும். உண்டதா, குடித்ததா, கடித்ததா என்ற வேறுபாடு அதற்கு இல்லை. தொல்காப்பியர் கேட்ட பொதுவினையைப் படிக்காத மக்கள் தாமே படைத்துக்கொண்டனர். இச்சொல்லைக் கொச்சை என்று மாணவர் ஏட்டில் அடித்துவிடும் ஆசிரியர், அடிக்குமுன் சற்று நிதானிப்பது நல்லது.

இனி, தமிழில் நிரை எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் உறவு காட்டும் சொற்கள் பெரும்பாலும் பெயர்க்கு முன்னே நிற்கும். ஆதலால் அங்கே நிரை உறுப்புகளின் தலையில் தெரியும். தமிழில் வேற்றுமை உருபும் எச்ச விகுதியும் உம்மையும் சொல்லின் இறுதியில் ஒட்டுகின்றன. முற்றுவினையும் வாக்கியத்தின் இறுதியில்தான் வருகிறது. ஆகவே தமிழில் நிரை ஈற்றில் இருக்கிறது. வாக்கியத்தைத் திருத்துகிறவர் ஒவ்வோர் உறுப்பின் வாலையும் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மலாய் மொழி இதில் இன்னொரு வகை. “பெராஸ், கூலா டான் காராம்” என்று கடைக்காரர் சொன்னால் அரிசி, சீனி, உப்பு என்று பொருள். (காராம் என்பது அங்கே உப்பு. புதிதாக வந்தவர் மிளகாயைத் தேடுவார்.) மூன்று பெயர்களுக்கும் ஒரே ஓர் ‘டான்’, அதுவும் கடைசிப் பெயருக்கு முன் மட்டும். ஆங்கிலமும் அப்படியே. இவ்விரு மொழிகளையும் நாள்தோறும் கேட்டு வளரும் பிள்ளை, தமிழிலும் கடைசிப் பெயருக்கு முன் ஒரு சொல்லைத் தேடுகிறது. கிடைப்பது ‘மற்றும்’. “அரிசி, சீனி மற்றும் உப்பு” என்று எழுதுகிறது. பிள்ளையைக் குறை கூறுவதற்கில்லை. அரசு அறிவிப்பும் விளம்பரப் பலகையும் செய்தித்தாளும் அதற்குக் கற்றுக்கொடுத்தது அதுவே.

‘மற்று’ என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் கூறும் பொருள் இரண்டு: வினைமாற்று, அசைநிலை. நன்னூலார் ‘பிறிது’ என்னும் பொருளையும் சேர்த்து மூன்றாக்கினார். எண்ணுப்பொருள் இருவர் பட்டியலிலும் இல்லை. ‘மற்றும்’ என்றால் ‘வேறும்’, ‘பிறவும்’ என்றுதான் தமிழ்க் காதுக்குப் படும். மொழி மாறுவது இயல்பு, ஒரு சொல் புதுப்பொருள் பெறுவது குற்றமாகாது என்று சிலர் வாதிடலாம். அந்த வாதத்தை ஒப்புக்கொண்டாலும் தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. ‘மற்றும்’ வந்தவுடன் ஈறுகள் கழன்றுவிடுகின்றன. “ஆசிரியர்கள், பெற்றோர் மற்றும் மாணவர்களுக்கு அறிவிக்கப்படுவது” என்னும் தொடரில் நான்காம் வேற்றுமை உருபு மாணவருக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. ஆசிரியரும் பெற்றோரும் உருபின்றி வாசலில் நிற்கின்றனர். “ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் மாணவர்க்கும்” என்று எழுத மூன்று உம்மைகள் போதும். அவை இடத்தையும் அதிகம் அடைக்கவில்லை.

பத்துப் பதினைந்து பெயர்கள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் உம்மை கொடுப்பது சலிப்புத் தராதா என்று கேட்கலாம். தரும். அதற்கும் இலக்கணத்தில் வழி இருக்கிறது. இடைச்சொல் இல்லாமல் பெயர்களை அடுக்குவது ‘செவ்வெண்’. செவ்வெண்ணுக்கு இறுதியில் தொகை வேண்டும் என்று நன்னூல் விதிக்கிறது. உம்மை எண்ணுக்குத் தொகை இருந்தாலும் ஆகும், இல்லாவிட்டாலும் ஆகும் என்கிறது. எவ்வளவு நுட்பமான கணக்கு! உம்மை ஒவ்வோர் உறுப்பையும் கட்டிவிடுவதால் முடிச்சு தனியே வேண்டியதில்லை. செவ்வெண்ணில் கட்டு இல்லாததால் கடைசியில் ஒரு முடிச்சு வேண்டும். “மூவார், குளுவாங், சிகாமட், பொந்தியான் ஆகிய நான்கு மாவட்டங்களிலும்” என்னும்போது ‘ஆகிய நான்கு’ என்பது முடிச்சு. உருபும் உம்மையும் அந்த முடிச்சின்மேல் ஒருமுறை விழுந்தால் போதும். முழுதும் சொன்னால் ‘ஆகிய’, சிலவற்றை மட்டும் சொன்னால் ‘முதலிய’ என்னும் வேறுபாட்டையும் இவ்விடத்திலேயே பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம். நான்கையும் சொல்லிவிட்டு ‘முதலிய நான்கு’ என்று எழுதுவது பெரியவர்களும் செய்யும் பிழை.

‘என்று’, ‘என’, ‘ஒடு’ ஆகியவை ஓரிடத்தில் நின்றே எல்லா உறுப்புகளுக்கும் சென்று பொருந்தும் என்றும் நூலோர் விதித்துள்ளனர். அந்தச் சலுகை உம்மைக்குக் கொடுக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. “அம்மா, அப்பாவும் வந்தார்கள்” என்று எழுதும் மாணவன், இலக்கணம் தராத சலுகையைத் தானே எடுத்துக்கொள்கிறான்.

பெயர்களை விட்டு வினைகளுக்கு வந்தால் நிரை வேறு உருவம் கொள்கிறது. வினைகளைத் தமிழ் பெரும்பாலும் எச்சத்தால் கோக்கிறது: எழுந்து, குளித்து, உண்டு, புறப்பட்டான். இவ்வாறு எச்சங்கள் அடுக்கி வந்தாலும் முடிபு ஒன்றாக அமையும் என்பதைத் தொல்காப்பியர் வினையியலில் பேசுகிறார். ‘செய்து’ என்னும் எச்சம் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடியும் என்பதும் அங்குள்ள விதி. செய்தித்தாள் நடையில் இந்த இரண்டாம் விதிதான் அடிக்கடி மீறப்படுகிறது. “தலைவர் உரையாற்றி, பரிசுகள் வழங்கப்பட்டு, செயலாளர் நன்றி கூறினார்” என்று ஒரு விழாச் செய்தி வருவதாகக் கொள்வோம். உரையாற்றியவர் ஒருவர்; நன்றி கூறியவர் வேறொருவர்; நடுவே பரிசுகள் செயப்பாட்டில் தொங்குகின்றன. சரம் கோத்தது போல் தோன்றினாலும் நூல் ஒன்றில்லை. “தலைவர் உரையாற்றினார், பரிசுகளை வழங்கினார், செயலாளர் நன்றி கூறினார்” என்று மூன்று முற்றுகளாக நிறுத்தினால் நிரையும் கிடைக்கிறது, பரிசு கொடுத்தவர் யார் என்ற ஐயமும் தீர்கிறது. எழுவாய் மாறும் இடத்தில் எச்சம் திரிந்து வருவதற்கு உரையாசிரியர்கள் இடம் கொடுத்திருப்பது உண்மை. மழை பெய்து வெள்ளம் வந்தது என்று சொன்னால் எவரும் தடுமாறுவதில்லை. காரணமும் காரியமுமாக இரண்டு வினைகள் ஒட்டி நிற்கும்போது அது செல்லும். விழாச் செய்திக்கு அந்தச் சலுகை போதாது.

‘மட்டுமல்லாமல்’ என்பதோடு வரும் பிழையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். “தோட்டத்தில் மட்டுமல்லாமல் நகர மக்களும்” என்று எழுதுவோர் முதற்பாதியில் இடத்தையும் இரண்டாம் பாதியில் ஆளையும் வைக்கின்றனர். தோட்டத்தில் என்றால் நகரத்திலும் என்றும், தோட்ட மக்கள் என்றால் நகர மக்களும் என்றும் வரவேண்டும்.

நிரையின் உச்சநிலை நிரல்நிறை. பெயர்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்குரிய வினைகளையோ பயனிலைகளையோ மற்றொரு வரிசையிலும் நிறுத்தி, ஒன்றற்கொன்று பொருத்திக்கொள்ள விடுவது அது. தொல்காப்பியர் எச்சவியலில் காட்டும் நான்கு பொருள்கோள்களுள் ஒன்று. நன்னூலார் காட்டும் எட்டனுள்ளும் ஒன்று. தண்டியலங்காரம் அதை அணியாகவும் கொண்டது. திருக்குறளில் இல்வாழ்க்கை அதிகாரத்து ஐந்தாம் குறளில் அன்பு பண்போடும் அறம் பயனோடும் பொருந்துவதைப் பரிமேலழகர் நிரல்நிறை என்று காட்டினார். கல்லாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வரிசை தலைகீழாகிறது. விலங்கு முதலிலும் மக்கள் அடுத்தும் நிற்க, எதிர்வரிசையில் கற்றவர் முதலிலும் கல்லாதவர் பின்னும் வருகின்றனர். நேரே பொருத்தினால் கற்றவர் விலங்காகிவிடுவர். எதிராகப் பொருத்த வேண்டும் என்பதைப் பொருளே படிப்பவனுக்கு உணர்த்திவிடுகிறது. இரண்டடிச் செய்யுளில் இது அழகு. உரைநடையில் இதைக் கையாள்வோர் அடக்கம் காட்ட வேண்டும். “கூலாய், கோத்தா திங்கி, பத்து பகாட், மூவார் ஆகிய இடங்களில் முறையே திங்கள், செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில்” என்று எழுதினால், படிப்பவர் விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். உரைநடையில் ‘முறையே’ என்னும் சொல் இரண்டைத் தாங்கும். மூன்றை ஒருவாறு தாங்கும். நான்கு வந்தால் அட்டவணை போட்டுவிடலாம்.

இதுவரை பேசியது நிரை குறைந்த எழுத்து. நிரை மிகுந்த எழுத்தும் உண்டு. அதையும் பேசாவிட்டால் திறனாய்வு ஒருபக்கமாகிவிடும். தமிழ் மேடையில் அடுக்குமொழி ஆட்சி செய்த காலத்தை இந்நாட்டு மூத்தோர் நன்கறிவர். அறிஞர் அண்ணாவின் பேச்சையும் எழுத்தையும் பின்பற்றி மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எத்தனையோ இளைஞர் பேசப் பழகினர். அவருக்கு முன்பே ரா. பி. சேதுப்பிள்ளை எதுகையும் மோனையும் அமைந்த இணைத்தொடர்களால் உரைநடையை இசைபெறச் செய்திருந்தார். தமிழுக்குச் சாகித்திய அகாதெமி அளித்த முதற்பரிசை 1955-இல் பெற்றது அவருடைய ‘தமிழின்பம்’. அவருடைய புகழ்பெற்ற மற்றொரு நூலின் பெயரான ‘ஊரும் பேரும்’ என்பதே எண்ணும்மைக்குக் கரும்பலகையில் எழுதத்தக்க எடுத்துக்காட்டு. இரண்டு சொற்கள், அளவில் ஒத்தவை, ஒலியில் ஒத்தவை. அதனினும் மேலாக, ஊரைப் பேராலும் பேரை ஊராலும் ஆராய்வதே அந்நூலின் பொருள். அங்கே நிரை வெறும் ஓசையாக நிற்கவில்லை.

திரு. வி. க.வின் ‘மனித வாழ்க்கையும் காந்தியடிகளும்’ என்னும் பெயரை இதனோடு ஒப்பிடலாம். ஒன்று அஃறிணை, மற்றொன்று உயர்திணை; அளவும் ஒவ்வாது. இலக்கணத்தில் திணை கலந்து எண்ணுவதற்கு இடம் உண்டு. சிறப்பினாலோ மிகுதியினாலோ இழிவினாலோ ஒரு முடிபு ஏற்கும் என்று நன்னூல் கூறும். ஆனால் இத்தலைப்பில் முடிபே இல்லை. இரண்டும் தராசுத் தட்டுகளைப் போல் எதிரெதிரே நிற்கின்றன. ஒரு மனிதரின் வாழ்வை மனித வாழ்க்கை முழுமைக்கும் எதிரே வைத்துப் பார்க்கும் துணிவு அந்த ஓர் உம்மைச் சோடியில் அடங்கிவிட்டது.

முன்னோடிகள் கையில் இவ்வாறு கருத்தைச் சுமந்த நிரை, பின்பற்றியவர் பலர் கையில் ஓசையை மட்டும் சுமந்தது. “வண்ணம் தந்து, வனப்பைத் தந்து, வளத்தைத் தந்து, வாழ்வைத் தந்து” என்பது போல் ஒரு வாழ்த்துரை தொடங்கினால், வகரம் தீரும்வரை பேச்சாளர் அமரமாட்டார். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அடுக்கில் ஓர் உறுப்பை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பொருள் குறைந்தால் அந்த உறுப்புக்கு அங்கே வேலை இருந்தது. குறையாவிட்டால் அது கூலி வாங்கும் வெட்டி ஆள். வனப்பை எடுத்தால் வண்ணம் வருந்துவதில்லை. மாணவர் பேச்சுப் போட்டிகளில் இன்றும் இவ்வகை அடுக்குக்கு மதிப்பெண் வாரி வழங்கும் நடுவர்களே இந்நோயை வளர்க்கின்றனர் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பில் நிரை படும் பாட்டுக்கு இந்நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1969 மே 13 கலவரத்துக்குப் பின், 1970 ஆகஸ்டு 31-இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு ஐந்து நெறிகளைக் கொண்டது. மலாய் மூலத்தில் ஐந்தும் ஒரே அச்சில் வார்த்தவை: கெபெர்ச்சாயாஆன், கெசெத்தியாஆன், கெலுஹூரான், கெடௌலாத்தான், கெசோப்பானான், கெசுசிலாஆன். ஐந்தாவதில் இரண்டு பெயர்கள் இருப்பதால் ஆறாயிற்று. ஒவ்வொன்றிலும் வேர்ச்சொல்லுக்கு முன் ‘கெ’யும் பின் ‘ஆன்’ஒலியும் நின்று பண்புப்பெயராக்குகின்றன. (வேர்கள் பல ஊர்களிலிருந்து வந்தவை. ‘சுசிலா’வும் ‘செத்தியா’வும் வடமொழிப் பிறப்பு என்பது தமிழ்க் காதுக்கு உடனே தெரியும், ‘டௌலாட்’ அரபு. அச்சு மட்டும் மலாய்.) ஒரு குழந்தை அவற்றை மனப்பாடம் செய்ய எளிதாக இருப்பதற்கு இந்த அச்சே காரணம்.

தமிழாக்குவோர் முன் இரண்டு வழிகள் உண்டு. ஐந்தையும் ‘தல்’ ஈற்றுத் தொழிற்பெயராக வார்க்கலாம்: நம்பிக்கை வைத்தல், பற்றுச் செலுத்துதல், காத்தல், பேணுதல் என்று அமையும். அல்லது பண்புப்பெயர்களாகவே நிறுத்தலாம்: இறை நம்பிக்கை, நாட்டுப்பற்று, சாசன மேன்மை, சட்டத்தின் இறைமை, பண்பும் ஒழுக்கமும். முதல் வழி ஓதுவதற்கு இனியது. தமிழின் இயல்புக்கும் நெருக்கமானது. ஆனால் அதில் ஓர் இழப்பு உண்டு. மூலத்தில் மூன்றாவதும் நான்காவதும் குடிமகன் செய்யும் செயலைக் குறிப்பவை அல்ல. அரசியல் சாசனம் உயர்ந்தது, சட்டமே ஆள்வது என்னும் நிலையைக் குறிப்பவை. அவற்றையும் ‘தல்’ ஆக்கினால் நாட்டின் நிலை குடிமகனின் கடமையாக மாறிவிடுகிறது. வடிவ நிரைக்காகப் பொருள் நிரை விட்டுக்கொடுக்கப்படுகிறது. இரண்டாம் வழியில் ஓசை சற்றுக் குறைந்தாலும் பொருள் நிலைக்கிறது. எதைத் தேர்வது என்று கேட்டால், பொருளைக் காக்கும் இரண்டாம் வழியே சிறந்தது எனலாம். ஆறாம் ஆண்டு வகுப்பில் இவ்விரண்டையும் கரும்பலகையில் எதிரெதிரே எழுதி விவாதிக்க விடுவது ஓர் இலக்கணப் பாடத்துக்கும் ஒரு குடிமைப் பாடத்துக்கும் ஈடாகும்.

தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் இதற்கு நல்ல கால்கோள் ஏற்கெனவே இருக்கிறது. செய்யுளும் மொழியணியும் என்னும் பகுதியில் பிள்ளைகள் இணைமொழி கற்கின்றனர். அல்லும் பகலும், அருமை பெருமை, மேடு பள்ளம், ஆடல் பாடல். ஒவ்வொரு சோடியிலும் இரு கைகளும் ஒரே வளையல் அணிந்திருக்கின்றன. ஓர் உறுப்புக்கு உம்மை என்றால் மற்றதற்கும் உம்மை. ஒன்று ‘மை’ என்றால் மற்றதும் ‘மை’. வாக்கிய நிரைக்கு இதைவிட எளிய தொடக்கம் வேறில்லை. ஆனால் நடைமுறையில் இணைமொழி, கோடிட்ட இடத்தை நிரப்பும் சொற்சரக்காகவே கற்பிக்கப்படுகிறது. ‘அல்லும் பகலும்’ என்பதைப் பிழையின்றி நிரப்பும் மாணவன், அடுத்த பக்கத்துக் கட்டுரையில் “அப்பா காலை, மாலையும் உழைத்தார்” என்று எழுதுகிறான். முதற்பக்கத்தில் கற்றது இரண்டாம் பக்கத்துக்கு நடந்து வரவில்லை.

இதற்கு அவசரம் உண்டு. 1988 முதல் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. அத்தேர்வின் குறைகள் பல; ஆயினும் தமிழ் எழுத்துக்குத் தனித்தாள் ஒன்று இருந்ததால், வாக்கியத்தைத் திருத்தியே ஆகவேண்டிய கட்டாயம் ஆசிரியர்க்கு இருந்தது. இப்போது அந்தப் பொறுப்பு வகுப்பறை மதிப்பீட்டின் கையில் இருக்கிறது. தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் பலர் ஆறாம் ஆண்டுக்குப் பின் மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே தமிழ் வகுப்பு அமையாவிட்டால், அவர்கள் எழுதும் தமிழ் வாக்கியத்தை ஒருவர் உட்கார்ந்து திருத்தும் கடைசி ஆண்டு பன்னிரண்டு வயதாகவே இருக்கும்.

செய்முறை கடினமானதன்று. மாணவன் எழுதிய பிறழ்ந்த வாக்கியத்தை அவனிடமே கொடுத்து, எண்ணப்படும் உறுப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்ல வேண்டும். முடிக்கும் வினையை வலப்பக்கத்தில் ஒருமுறை எழுதி, ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் அதற்கு ஒரு கோடு இழுக்கச் சொல்ல வேண்டும். கோட்டின் வழியே உரக்கப் படித்தால் எந்த உறுப்பு ஒட்டவில்லை என்பதை அவன் காதே சொல்லிவிடும். ‘காலை உழைத்தார், மாலையும் உழைத்தார்’ என்று ஒருமுறை படித்தவுடன், முதல் வரியின் இறுதியில் அவன் தானாகவே ஓர் ‘யும்’ சேர்ப்பதைப் பார்க்கலாம். ‘எண்ணும்மை’ என்னும் பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.